கோயிற்கல்லும் சிலுவைக்கல்லும்: ஒற்றியூர் முதல் மயிலை வரை

அப்போஸ்தலர் நடபடிகளின் இருபதாம், இருபத்தோராம் அதிகாரங்களைக் கற்பிக்கும்போது மித்திலேனே, கீயு, சாமு, கோஸ், ரோது என்னும் தீவுப் பெயர்களை நாம் விரைந்து வாசித்துக் கடந்துவிடுகிறோம். பவுல் ஏறிச்சென்ற கப்பலும் அவற்றை விரைந்தே கடந்தது. ஆயினும் அத்தீவுகளின் மண்ணை அகழ்ந்து பார்த்தோர் கண்டது திருச்சபை வரலாற்று மாணவர் நின்று நோக்கத்தக்கது. சாமு தீவில் ஹேரா தேவிக்கு எழுப்பப்பெற்ற பெருங்கோயிலைத் தாம் அறிந்த கோயில்களுள் எல்லாம் பெரியது என்று ஹெரொதோத்துஸ் குறித்தார். இன்று அங்கே நிமிர்ந்து நிற்பது ஒரு தூண் மட்டுமே. அதன் அருகிலேயே பழங்கிறித்தவர் கட்டிய தேவாலயத்தின் அடித்தளம் கிடக்கிறது. அதற்குக் கல் கொடுத்தது அந்தக் கோயிலே. நக்சோஸ் தீவில் தெமேத்தர் தேவிக்குக் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் சலவைக்கல்லால் அமைந்த கோயில் பிற்காலத்தில் அப்படியே தேவாலயமாக மாற்றப்பட்டது. யோவான் சிறையிருந்த பத்முவில் 1088-ல் நிறுவப்பெற்ற துறவியர் மடம் அர்த்தெமி தேவியின் கோயில் இருந்த குன்றின்மேல் எழுந்தது என்பது வழிவழிச் செய்தி.

அகழ்வாய்வாளர் இக்கற்களை வாசிக்கும் முறை எளியது. கல் எங்கே கிடைத்தது, எதன்மேல் எது இருந்தது, எந்தக் கல் தன் முதல் இடத்திலேயே உள்ளது, எது பெயர்த்து வைக்கப்பட்டது என்று முதலில் கேட்பார்கள். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்ற கேள்வி அதற்குப் பின்னரே எழும். இம்முறையைக் கற்க நாம் கிரேக்க நாடு செல்ல வேண்டியதில்லை. எண்ணூரிலிருந்து திருவொற்றியூர், இராயபுரம், கோட்டை வழியாக மயிலாப்பூர் வரை நீளும் நம் கடற்கரையே போதும். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. ஹேராவையும் தெமேத்தரையும் வணங்குவோர் இன்று இல்லை. அக்கோயில்களுக்காக வருந்துவோரும் இல்லை. நம் கரையில் பழங்கோயில் இன்றும் வழிபாட்டிலுள்ள கோயில். ஆகவே இங்கே கற்களை வாசிப்பது அண்டை வீட்டாரோடு பேசுவதும் ஆகும்.

முதலில் ஒற்றியூர். ஆலைகளும் சரக்கு வண்டிகளும் சூழ்ந்த இவ்வூரின் தியாகராசர் கோயில் அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவர் பாடலும் பெற்றது. மூலவரான ஆதிபுரீசுவரர் புற்று வடிவினர். கவசம் சாத்தப்பட்டிருக்கும் அத்திருமேனியைக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள்களில் மட்டுமே கவசமின்றிக் காணலாம். சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும், மகிழ மரத்தடியில் செய்த சூளுறவை மீறி ஊர் எல்லையைக் கடந்தபோது கண்ணொளி இழந்ததும் இவ்வூரில் நிகழ்ந்தனவாகச் சேக்கிழார் பாடுகிறார். இறைவனுக்கு இங்கே 'எழுத்தறியும் பெருமான்' என்று ஒரு பெயர் உண்டு. அரசன் எல்லா ஊர்களுக்கும் வரி விதித்து ஓலை விடுத்தபோது, ஒற்றியூர் நீங்கலாக என்று பொருள்படும் எழுத்து வரிகளுக்கிடையே தானே தோன்றிற்றாம். கல்வெட்டு மிகுந்த ஒரு கோயிலின் இறைவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்ப்பது அரிது.

இக்கோயிலின் கல்வெட்டுகள் பல்லவர் காலத்திலேயே தொடங்குகின்றன. நிருபதுங்கன், அபராசிதன், கம்பவர்மன் ஆகியோரின் ஆட்சியாண்டுகள் அவற்றில் வருகின்றன. கருவறை விமானம் யானையின் முதுகு போல் பின்புறம் வளைந்தது, கசபிருட்டம் என்பர். (பழைய தேவாலயங்களின் பலிபீடப் பகுதியும் இவ்வாறே அரைவட்டமாக வளைந்திருக்கும் என்பது மாணவர் நினைவுக்கு வரும். அதைக்கொண்டு உறவு கொண்டாட வேண்டாம். வளைந்த பின்சுவர் பௌத்த சைத்தியங்களிலும் உண்டு.) இவ்விமானம் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எழுந்தது. எழுப்பச் செய்தவர் சதுரானன பண்டிதர் என்றும், எழுப்பிய சிற்பி இரவி என்னும் வீரசோழத் தச்சன் என்றும் கல்வெட்டே கூறுகிறது. நம் நாட்டுப் பெருங்கோயில்கள் பலவற்றைக் கட்டியவர் யார் என்று கேட்டால் அரசன் பெயரே விடையாக வரும். தச்சனின் பெயரைத் தாங்கி நிற்கும் சுவர்கள் மிகச் சில.

சதுரானன பண்டிதர் என்பது இவ்வூர் மடத்துத் தலைவர்கள் வழிவழியாகத் தாங்கிய பட்டம். அப்பட்டத்தை ஒரு நூற்றாண்டு முன்னர்த் தாங்கிய ஒருவரைப் பற்றிய கல்வெட்டு இங்குள்ளவற்றுள் என் உள்ளத்தை மிகவும் தொட்டது. அவர் கேரள நாட்டவர். வல்லபன் என்பது இயற்பெயர். கலைகள் பல கற்றுச் சோழ நாடு வந்து, பராந்தகனின் மகன் இராசாதித்தனுக்கு உற்ற தோழராகவும் படைத்துணையாகவும் ஆனார். 949-ல் தக்கோலப் போரில் இராசாதித்தன் யானைமேலிருந்தபடி மாண்டான். வல்லபன் அப்போது அவன் அருகில் இல்லை. தலைவனோடு சாகாமல் எஞ்சியது தகாது என்று நொந்து, கங்கையில் நீராடித் துறவு பூண்டு, ஒற்றியூரில் நிரஞ்சன குருவின் மாணவராகி, பின்னர் மடத்தின் தலைமையும் ஏற்றார். தம் பொருட்டு வழிபாடு நடைபெற நூறு நிட்கப் பொன்னை நரசிங்கமங்கலத்துச் சபையாரிடம் வைத்தார். அக்கொடையைப் பதிந்த கல்வெட்டு எவ்வரசனின் ஆண்டைக் குறிக்கிறது? கன்னரதேவனின் இருபதாம் ஆண்டை. தக்கோலத்தில் இராசாதித்தனை வீழ்த்திய படை இந்தக் கன்னரதேவனுடையது; இரட்டகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் இவனே. தோழனைக் கொன்றவனின் ஆட்சியாண்டை எழுதித்தான் துறவி தம் துயரத்தைப் பதிக்க வேண்டியிருந்தது. ஒரு வரலாற்றாசிரியனும் புனையாத இச்செய்தியை நாம் அறிவது அக்கல் கோயிலை விட்டு அகலாமையால். அதே மடத்தையும் அதே நிரஞ்சன குருவையும் அடுத்தடுத்த கற்கள் உறுதி செய்கின்றன. ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி.

ஒற்றியூரிலிருந்து மயிலைக்கு நம்மை அழைத்துச் செல்பவர் சேக்கிழாரே. ஞானசம்பந்தர் ஒற்றியூரில் தங்கியிருக்கிறார் என்று கேட்ட மயிலை வணிகர் சிவநேசர், மயிலையிலிருந்து ஒற்றியூர் வரை வழிநெடுகப் பந்தரிட்டு அணி செய்தார் என்று பெரியபுராணம் சொல்லுகிறது. இன்று அவ்வழியில் முதலில் எதிர்ப்படுவது இராயபுரம். பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்பர். படகுத் தொழிலினரான கிறித்தவர் அவர் பெயரால் எழுப்பிய தேவாலயம் ஊருக்கே பெயர் தந்தது. ஒற்றியூரைப் போலவே இதுவும் கடலை நம்பிய ஊர். கடலால் துன்புற்ற ஊரும் ஆகும். 1876-ல் சென்னைத் துறைமுகத்தின் வேலை தொடங்கி அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் சுவரின் தென்புறமே தேங்கலாயிற்று. மெரீனா மணல்வெளி அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க் கரைகள் ஆண்டுதோறும் அரிக்கப்பட்டன. பாறைகளைக் கொட்டிக் கரையைக் காக்க வேண்டிய நிலை இன்றும் உள்ளது. மயிலைக் கோயிலைக் கடல் கொண்டதா என்ற வினாவை எடுக்குமுன் இதனை மனத்தில் வைப்பது நல்லது. இக்கரையில் கடல் ஊர்களை விழுங்கும் என்பது கற்பனை அன்று.

சம்பந்தரின் பூம்பாவைப் பதிகம் மயிலைக் கபாலீச்சரத்தின் ஆண்டுத் திருவிழாக்களை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணுகிறது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, தைப்பூசம், பங்குனி உத்திரம் என்னும் அவ்வரிசையில் மாசிக் கடலாட்டும் உண்டு. 7ஆம் நூற்றாண்டில் அக்கோயில் கடலோரத்திலேயே இருந்தது என்பதற்கு இது போதிய சான்று. இப்போது நாம் காணும் கபாலீசுவரர் கோயிலோ கடலுக்கு மேற்கே தள்ளி நிற்பது. போர்ச்சுக்கீசியர் வந்தபின் புதிதாக எழுந்தது.

அதே கரையில் கிறித்தவரும் இருந்தனர். 1290-களில் இந்நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, தோமாவின் கல்லறை ஒரு சிற்றூரில் உள்ளது என்றும், கிறித்தவரும் இசுலாமியரும் அங்கே யாத்திரை வருகின்றனர் என்றும், நோயாளிகளுக்குக் கொடுக்க அவ்விடத்து மண்ணை எடுத்துச் செல்கின்றனர் என்றும் குறித்தார். சில பத்தாண்டுகளுக்குப் பின் வந்த ஓதோரிக் துறவி நெசுத்தோரியரின் வீடுகள் பதினைந்து என்றார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்போசா எழுதுகையில் தேவாலயம் பாழடைந்து கிடந்தது. ஓர் இசுலாமியப் பக்கிரி அங்கே விளக்கேற்றி வந்தார். பெரிய சபை ஒன்றும் அங்கே இருந்ததில்லை. பாரசீக, சிரியச் சபைகளோடு தொடர்புடைய சிறு கூட்டம் சிவன்கோயிலுக்கும் சமணர் வழிபட்ட நேமிநாதர் கோயிலுக்கும் அண்டையில் நெடுங்காலம் வாழ்ந்தது. அவர்களுக்குள் பூசல் மூண்டதாக இப்பயணிகள் எழுதவில்லை.

1517-ல் அர்மீனிய வணிகர் வழிகாட்டப் போர்ச்சுக்கீசியர் அக்கல்லறையை அடைந்தனர். 1523-ல் பழுதுபார்க்கும்போது கல்லறையைத் தோண்டி எலும்புகளையும் ஈட்டிமுனை ஒன்றையும் மண் நிறைந்த கலம் ஒன்றையும் கண்டனர். (மயிலைக் கரையில் கலத்துக்கும் எலும்புக்கும் மற்றொரு கதையும் உண்டு, சிவநேசர் மகள் பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் இருந்த குடத்திலிருந்தே சம்பந்தர் அவளை எழுப்பினார் என்பர். இரண்டையும் முடிச்சுப் போடும் ஆசை சிலருக்கு எழலாம். நான் அதற்குத் துணியமாட்டேன்.) நாளடைவில் சாந்தோம் கோட்டையும் தேவாலயங்களும் கொண்ட போர்ச்சுக்கீசிய நகராயிற்று, 1606-ல் மேற்றிராசனமும் ஆயிற்று. அவர்களது பழைய பேராலயத்தை 1893-ல் இடித்துவிட்டு 1896-ல் இப்போதைய கோபுரத்தோடு கூடிய ஆலயத்தை எழுப்பினர். 1923-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இயேசு சபைக் குருவான ஹோஸ்டன் ஆலய வளாகத்தை ஆராய்ந்தபோது வெளிப்பட்டவற்றில் கோயில் தூண்களின் துண்டுகளும், சமணச் சிற்பத் துண்டுகளும், தமிழ்க் கல்வெட்டுச் சிதறல்களும் இருந்தன. அவற்றுள் ஒரு சிதறல் கூத்தாடும் தேவருக்கு இரவில் விளக்கு எரிக்க விட்ட கொடையைப் பதிந்தது. ஆடவல்லானின் திருவிளக்குக்கு உரிய கல் அப்போஸ்தலரின் பெயர் தாங்கிய ஆலயத்தின் மண்ணில் கிடந்தது.

இதனைக் கடலின் செயல் என்று சொல்லிக் கடந்துவிடுவோர் நம்மிடையே உண்டு. நேமிநாதர் திருமேனியைக் கடல் அச்சத்தால் மேல்சித்தாமூருக்குக் கொண்டுசென்றனர் என்று சமணர் சொல்லும் செய்தியை ஐயுற எனக்குக் காரணம் தோன்றவில்லை. ஆனால் கடல் தூணைப் புரட்டுமேயன்றி அதனை எடுத்துத் தேவாலயத்துச் சுவரில் அடுக்காது. வேறொரு சான்றும் இருக்கிறது. 1558-ஐ ஒட்டி விசயநகரத்து இராமராயர் படையோடு சாந்தோமுக்கு வந்து, குடிகளிடம் பெருந்தண்டம் விதித்துப் பிணையாளரையும் கொண்டுபோனார். கிறித்தவத் துறவியர் கோயில்களை இடித்தனர் என்ற முறையீடே அவர் வந்ததற்கு ஒரு காரணம் என்று போர்ச்சுக்கீசிய ஆசிரியரே எழுதியுள்ளனர். எதிரியின் வாய்மொழி ஆயின் தள்ளிவிடலாம். தம் தரப்பாரே எழுதியதைத் தள்ளுவது எப்படி? கடல் ஒருபுறம் அரித்திருக்கலாம். கடப்பாரையும் வேலை செய்தது என்பதே என் முடிவு. கிரேக்கத் தீவுகளில் கோயில் வெறுமையான பின்னர்க் கல்லெடுத்ததும் வழிபாடு நடந்த கோயிலில் கல்லெடுத்ததும் ஒன்றாகா.

இனிச் சிலுவைக்கல். 1547-ல் பறங்கிமலை உச்சியில் தேவாலயத்துக்குக் கடைகால் தோண்டும்போது, சிலுவையும் புறாவும் செதுக்கி வளைவு ஓரத்தில் எழுத்து பொறித்த கருங்கற் பலகை கிடைத்தது. எழுத்து எவருக்கும் விளங்கவில்லை. கற்றறிந்த பிராமணர் ஒருவரை அழைத்து வாசிக்கச் செய்தனர். அவர் வாசித்ததாகப் பதிவானது ஒரு நீண்ட வரலாறு. கிறித்துவின் மார்க்கம் தோன்றி முப்பது ஆண்டுகள் கழிந்தபின் தோமா இங்கே வந்து போதித்தது, ஆலயம் கட்டியது, மாண்டது எல்லாம் அதில் இருந்தன. கேட்டோர் எதைக் கேட்க விரும்பினரோ அதையே கல் சொல்லிற்று. கல்லில் உள்ளவையோ சில சொற்களே என்பதை எவரும் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் இவ்வாசிப்பு நூலுக்கு நூல் ஏறிற்று.

1873-ல் சென்னை ஆட்சிப் பணியாளரும் மொழியறிஞருமான பர்னல், அவ்வெழுத்து பாரசீகத்துப் பகலவி என்று காட்டி, ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டுக்கு உரியது என்றார். அவரது வாசிப்பும் பின்னர்த் திருத்தம் பெற்றது. 20ஆம் நூற்றாண்டு அறிஞர் பலர் அதனை ஒரு மன்றாட்டாகக் கொண்டனர்: சிரியனாகிய சாகார்புக்தின் மகன் அப்ராஸ் என்பவன்மேல் இரங்கும்படி ஆண்டவராகிய மேசியாவை வேண்டும் சொற்கள். பெயர்களை வாசிப்பதில் இன்றும் அறிஞரிடையே வேறுபாடு உண்டு. கோட்டயத்திலும் கேரளத்தின் வேறு சில பழைய தேவாலயங்களிலும் இதே சொற்கள் பொறித்த சிலுவைகள் உள்ளன. இலங்கை அநுராதபுரத்தில் 1912-ல் அகழ்ந்தெடுத்த சிலுவையில் எழுத்து இல்லை. வடிவம் இவ்வகைக்கு நெருங்கியது.

இம்மாற்றத்தால் நாம் இழந்ததென்ன? தோமா இங்கே வந்தார் என்பதற்கு முதல் நூற்றாண்டுச் சாட்சி என்று கருதியதை இழந்தோம். தோமா வரவே இல்லை என்று அதனால் ஆகிவிடாது. அம்மரபுக்கு வேறு அடிப்படைகள் உள்ளன, அவற்றை அவற்றின் வலிமைக்கேற்ப எடைபோட வேண்டும். பெற்றதோ சிறிதன்று. போர்ச்சுக்கீசியர் கப்பல் ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, சம்பந்தரின் பதிகம் மயிலையில் பாடப்பட்டுவந்த காலத்திலேயே, இம்மலையில் ஒருவன் தன் தாய்மொழி எழுத்தில் மேசியாவை நோக்கி இரக்கம் வேண்டிக் கல்லில் வெட்டுவித்தான். அவன் கோயில் எதையும் பெயர்த்ததாகத் தடயம் இல்லை. அரசனின் படையும் அவன் பின்னால் இல்லை. கிறித்தவம் நம் நாட்டுக்குப் பீரங்கியோடு வந்தது என்று சொல்வோருக்கு விடையாகப் பொய்யான நீண்ட வாசிப்பைவிட இந்தச் சில சொற்களையே நான் நம்பி நிற்பேன்.

மேற்கண்டவை கத்தோலிக்கரின் செய்தி, சீர்திருத்தச் சபையாராகிய நமக்கு என்ன என்று எவரேனும் கேட்பாராயின், கோட்டைக்கு வடக்கே இருந்த பட்டணம் கோயிலை நினைவூட்ட வேண்டும். சென்னகேசவப் பெருமாளுக்கும் சென்னமல்லீசுவரருக்கும் உரிய அப்பழைய கோயிலை 1757-ல் ஆங்கிலேயக் கும்பினியார் இடித்தனர். பிரெஞ்சுப் படை வருமாயின் கோட்டைப் பீரங்கிகளுக்கு எதிரே வெளி வேண்டும் என்பது காரணம். சமய வெறுப்பால் இடிக்கவில்லை என்பது உண்மை. பின்னர் 1762-ல் ஆளுநர் பிகட் ஈடாக நிலம் தந்தார் என்பதும், மணலி முத்துக்கிருட்டிண முதலியாரின் முயற்சியால் இன்றைய தேவராச முதலித் தெருவில் இரட்டைக் கோயில் எழுந்தது என்பதும் உண்மை. சாந்தோமில் அத்தகைய ஈடு எதுவும் இல்லை. ஆயினும் இடிபட்ட கோயில் இடிபட்டதே.

வேப்பேரியின் கதை நமக்கு இன்னும் நெருங்கியது. பெத்ருசு உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர் அங்கே மாதாவின் பெயரால் ஒரு கோயில் கட்டியிருந்தார். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே பாலமும், சிலுவைக்கல் உள்ள பறங்கிமலைக்கு ஏறும் படிகளும் 1726-ல் அமைத்தவர் அவரே. 1749-ல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து சென்னையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், கத்தோலிக்கர்மேல் ஐயங்கொண்டு அவர்களது ஆலயங்களைக் கைப்பற்றினர். 1751-ல் உஸ்கான் இறந்தார். அடுத்த ஆண்டு அவரது வேப்பேரி ஆலயம் சீர்திருத்த மிஷனரி பப்ரிசியு ஐயரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1761-ல் புதுச்சேரி வீழ்ந்தபோது கொள்ளைப் பொருளாகக் கிடைத்த அச்சு இயந்திரமும் அவரிடமே வந்தது. 1779-ல் வெளிவந்த பப்ரிசியு அகராதி வேப்பேரியில் அச்சேறியது. அவரது வேதாகம மொழிபெயர்ப்பையும் ஞானப்பாட்டுகளையும் போற்றும் நாம், அவர் பணிசெய்த கூரை யாருடையது என்று கேட்பதில்லை. பப்ரிசியுவின் உழைப்பு இதனால் குறைவுபடாது. ஆனால் சாந்தோமின் அடித்தளத்தைச் சுட்டும் விரல் வேப்பேரியையும் சுட்டவேண்டும்.

அவ்விடத்தில் இப்போது நிற்பது 19ஆம் நூற்றாண்டில் எழுந்த தூய மத்தியா ஆலயம், தென்னிந்தியத் திருச்சபையினுடையது. அதன் வளாகத்தில் உஸ்கானின் கல்லறைக்கல் இன்றும் உள்ளது. எழுத்து அர்மீனியமும் இலத்தீனும். தம் இதயத்தை மட்டும் பாரசீகத்தில் தாம் பிறந்த சூல்பாவுக்கு அனுப்புமாறு எழுதிவைத்த அவ்வணிகரின் உடல், அவர் கட்டிய ஆலயத்தின் நிலத்திலேயே கிடக்கிறது. பறங்கிமலைக் கல்லைப் போலன்றி இக்கல் இடம்பெயரவில்லை. வாசிக்கக் கடினமும் இல்லை.